சிஸ்டர் நான்சியின் இசைத்தட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையைப் பற்றிப் பேச்சு வந்தால், கேள்வி பெரும்பாலும் ஒரே பாட்டில் வந்து நிற்கும்: ‘பாம் பாம்’. ஏதாவது விளம்பரத்திலோ ரீல்ஸிலோ காதில் விழுந்திருக்கும். பாடியது யார், எந்தக் காலம், வேறு என்ன பாடியிருக்கிறார் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். அவர்களுக்கு அவ்வப்போது சொன்ன பதில்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். பணம் பற்றிய கேள்விக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சிஸ்டர் நான்சி என்பவர் யார்?

இயற்பெயர் ஓஃப்லின் ரஸல். 1962 ஜனவரி 2-ஆம் தேதி ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் பிறந்தவர். ஜமைக்கா சுதந்திரம் அடைந்ததும் அதே ஆண்டு ஆகஸ்டில்தான். நாட்டைவிட அவருக்கு ஏழு மாதம் வயது அதிகம். வீட்டில் மொத்தம் பதினைந்து பிள்ளைகள். அப்பா போதகர், கண்டிப்பானவர். அண்ணன் ராபர்ட் ரஸல், ‘பிரிகேடியர் ஜெர்ரி’ என்ற பெயரில் ஜமைக்காவின் மிகத் திறமையான டிஜேக்களில் ஒருவராகப் பேர் வாங்கினார். தங்கை மைக் பிடித்ததற்கு அவரே முதல் காரணம்.

டிஜே என்றால்? அவர் இசைத்தட்டு ஓட்டுகிறவரா?

இல்லை. இந்த ஒரு சொல்லில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நமக்கு டிஜே என்றால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டு போடுகிறவர். ஜமைக்காவில் பாட்டு போடுகிறவருக்குப் பெயர் செலக்டர். ஓடுகிற இசையின் மேல் மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு சொற்களை அடுக்கிச் சொல்கிறவர்தான் டிஜே. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் இருக்கும் அந்த முறையை ‘டோஸ்டிங்’ என்பார்கள். பின்னாளில் நியூயார்க்கில் ராப் என்று வளர்ந்ததற்கு இதுவும் ஒரு மூதாதை.

தொடக்கத்தில் டிஜேயின் வேலை நடன இரவைச் சூடாக வைத்திருப்பது மட்டும்தான். அவர் சொல்வதை இசைத்தட்டாகப் போடப் பெரிதாக யாரும் நினைக்கவில்லை. 1970-இல் யு-ராய் என்ற டிஜேயின் மூன்று தட்டுகள் ஜமைக்காவின் விற்பனைப் பட்டியலில் முதல் மூன்று இடங்களையும் ஒரே சமயத்தில் பிடித்தன. அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் டிஜேக்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

‘டான்ஸ்ஹால்’ என்ற பெயரும் அந்த இரவுகளிலிருந்து வந்ததுதான். ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர்கள், ஆம்ப்ளிஃபையர், ஒரு செலக்டர், இரண்டு மூன்று டிஜேக்கள். இந்தக் கூட்டத்துக்கு ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று பெயர். ஒவ்வொரு சவுண்டுக்கும் தனிப் பெயரும் தனி ரசிகர் படையும் உண்டு. திறந்த முற்றத்தில் விடிய விடிய நடக்கும். அங்கே கைதட்டல் வாங்காத டிஜேயை ஸ்டுடியோவுக்குள் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

வீட்டிலிருந்து அந்த மேடைக்கு எப்படி வந்தார்?

ஓடி வந்தார் என்றே சொல்லலாம். அண்ணன் மைக் பிடித்த இடங்களுக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பதினைந்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். போதகர் வீட்டுப் பெண் பிள்ளை இரவு நடனங்களில் மைக் பிடிப்பதை அப்பா எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று விளக்க வேண்டியதில்லை. சாலிஸ் என்ற சவுண்ட் சிஸ்டத்திலும், பிறகு ஜெனரல் எக்கோ என்ற டிஜேயின் ஸ்டீரியோஃபோனிக் சவுண்டிலும் இரவு இரவாகத் தேறினார்.

முதல் இசைத்தட்டு எது?

‘பாப்பா டீன்’, 1980. தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலி. அவரிடம் நான்சியைக் கொண்டு சேர்த்தது ஜெனரல் எக்கோ.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அன்றைய கிங்ஸ்டனில் ஆபாச வரிகளுக்கு, அதாவது அவர்கள் சொல்லும் ‘ஸ்லாக்னஸ்’-க்கு, பேர் போனவர் எக்கோ. நான்சியோ ஒருபோதும் அந்தப் பக்கம் போகாதவர். இருந்தும் எக்கோ அந்தப் பெண்ணின் குரலை அடையாளம் கண்டுகொண்டார். அதே ஆண்டு நவம்பரில் கிங்ஸ்டன் போலீஸ் எக்கோவையும் ஸ்டீரியோஃபோனிக்கைச் சேர்ந்த இன்னும் இருவரையும் சுட்டுக் கொன்றது. தேர்தல் வன்முறையில் நூற்றுக்கணக்கானோர் செத்த ஆண்டு அது. பதினெட்டு வயதில் நான்சி தன் வழிகாட்டியை இழந்தார்.

மொத்தம் எத்தனை ஆல்பம் போட்டிருக்கிறார்?

பெயர் நிற்பது ஒன்றுக்குத்தான்: ‘ஒன், டூ’, 1982, ரைலியின் டெக்னிக்ஸ் லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனம்). இது தவிர யெல்லோமேன், ஃபாட்ஹெட், பர்பிள்மேன் ஆகிய டிஜேக்களோடு பங்குபோட்ட ‘தி யெல்லோ, தி பர்பிள் அண்ட் தி நான்சி’ என்ற தட்டு இருக்கிறது. லண்டனின் கிரீன்ஸ்லீவ்ஸ் லேபிள் வெளியிட்டது. அப்புறம் தனித்தனியாக வந்த சிறு தட்டுகள், வேறு டிஜேக்களோடு சேர்ந்த நேரலைப் பதிவு, பல ஆண்டு கழித்து வந்த சில கூட்டுப் பதிவுகள்.

இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. இவ்வளவுதான். ஆனால் ஒரு டான்ஸ்ஹால் கலைஞரைத் தட்டுகளின் எண்ணிக்கையை வைத்து எடை போடுவது, நாடக நடிகரை அவருடைய போட்டோக்களை வைத்து எடை போடுவது மாதிரி. அவருடைய வேலை நடந்த இடம் வேறு. வாரம் நான்கு இரவு மைக் பிடித்தவர் எப்போதோ ஒரு பிற்பகலில் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டு வந்தார், அதன் அடையாளம் இந்தத் தட்டு. அந்த இரவுகளில் பெரும்பாலானவை காற்றோடு போய்விட்டன. சில, கூட்டத்தில் யாரோ பதிவுசெய்த கேசட்டுகளாகக் கை மாறி லண்டன் வரை போய்ச் சேர்ந்தன.

‘ஒன், டூ’ ஆல்பத்தில் என்ன இருக்கிறது?

பத்துப் பாட்டு. தலைப்புப் பாட்டும் ‘டிரான்ஸ்போர்ட் கனெக்‌ஷன்’ என்ற பாட்டும்தான் அன்று ஜமைக்காவில் ஓடியவை. ‘ஐன்ட் நோ ஸ்டாப்பிங் நான்சி’, ‘ஒன்லி வுமன் டிஜே வித் டிகிரி’ என்ற தலைப்புகளைப் பார்த்தாலே ஆளின் தொனி தெரிந்துவிடும்: என்னை நிறுத்த முடியாது, பட்டம் வாங்கிய ஒரே பெண் டிஜே நான்தான். பல்கலைக்கழகப் பட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மைக்கில் வாங்கிய பட்டம். ‘க்வான் எ ஸ்கூல்’ பள்ளிக்கூடம் போகச் சொல்லும் பாட்டு.

என் காதுக்கு இந்த ஆல்பத்தின் பெரிய பலம் அவசரமின்மை. குரலை உயர்த்துவதே இல்லை. மற்ற டிஜேக்கள் கூவி அழைக்கும் இடத்தில் இவர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, வாசலில் நின்று பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறார். வாத்தியங்கள் எல்லாம் மனிதர்கள் வாசித்தவை. 1985-இல் சிறிய கேசியோ கீபோர்டு ஒன்றிலிருந்து ‘ஸ்லெங் டெங்’ தாளம் வந்து டான்ஸ்ஹாலை ஒரே அடியில் கணினி ஒலிக்கு மாற்றியது. அதற்கு முந்தைய உலகத்தின் ஆல்பம் இது.

‘பாம் பாம்’ எப்படிப் பதிவானது?

ஆல்பத்துக்கு ஒரு பாட்டு குறைந்தது. ஒன்பது ஆகிவிட்டது, பத்தாவது வேண்டும். கடைசியாக அந்த இடத்தை நிரப்பப் பதிந்ததுதான் ‘பாம் பாம்’. எழுதி வைத்துப் பயிற்சி செய்து பாடியதில்லை, அங்கேயே மனதிலிருந்து வந்தது என்று நான்சி பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். டிஜேக்களுக்கு இது அதிசயமும் இல்லை. தினமும் இரவில் செய்கிற வேலையே அதுதான்.

அந்தப் பின்னணி இசை யாருடையது?

அவருடையது இல்லை, அந்தப் பாட்டுக்காகச் செய்ததும் இல்லை. அதற்கு ‘ஸ்டலாக்’ என்று பெயர். 1973-இல் ஆன்சல் காலின்ஸ் என்ற கீபோர்டு கலைஞர் ‘ஸ்டலாக் 17’ என்று வெளியிட்ட வாத்திய இசை. தயாரித்தவர் அதே வின்ஸ்டன் ரைலி. நான்சி அதன்மேல் குரல் வைத்தபோது அந்த இசைக்கு ஒன்பது வயது.

ஜமைக்காவில் இதற்கு ‘ரிதிம்’ என்று பெயர். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்த அடித்தளத்தை ஒருமுறை நாடாவில் பதிந்துவிட்டால், அதன்மேல் பத்துப் பேரும் பாடலாம், நூறு பேரும் பாடலாம். ரசிகர்களும் ரிதிமைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். ஜெனரல் எக்கோ தன் ‘அர்லீன்’ பாட்டை இதே ஸ்டலாக் மேல்தான் சொன்னார். 1985-இல் டெனர் சா என்ற பாடகர் ‘ரிங் தி அலாரம்’ பாடியதும் இதன்மேல்தான். ஒரே ரிதிமில் வந்த பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டால் கூட்டம் சலித்துக்கொள்ளாது. இந்தக் குரல் அதே இடத்தில் என்ன செய்யப்போகிறது என்பதைப் பார்ப்பதில்தான் அவர்களுக்கு ருசி.

தயாரிப்பாளருக்கு இதில் இன்னொரு ருசி உண்டு. வாத்தியக்காரர்களுக்கு ஒருமுறை கொடுத்த கூலியில் பல ஆண்டுகளுக்குப் புதுப் புதுத் தட்டு போடலாம்.

‘பாம் பாம்’ என்ற பல்லவியாவது அவருடையதா?

அதுவும் பழையது. 1966-இல் ஜமைக்காவில் முதன்முதலாக நடந்த சுதந்திர விழாப் பாடல் போட்டியில் தி மேட்டல்ஸ் குழு, டூட்ஸ் ஹிபர்ட்டின் தலைமையில், இதே பெயருள்ள பாட்டைப் பாடிப் பரிசு வென்றது. பல்லவியின் வேர் அங்கே இருக்கிறது. நான்சி அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு மற்ற வரிகளைத் தானாகக் கட்டினார்.

சரி, பல்லவி ஒருவருடையது, இசை இன்னொருவருடையது என்றால் நான்சி செய்தது என்ன என்று சிலர் நியாயமாகவே கேட்பார்கள். மூன்று பாட்டையும் வரிசையாகக் கேட்டால் பதில் கிடைத்துவிடும். மேட்டல்ஸின் பாட்டு கிராமத்து விழாக் கொண்டாட்டம். காலின்ஸின் வாத்திய இசை ஆர்கன் முன்னால் நின்று நடத்தும் இறுக்கமான நடை. இந்த இரண்டிலும் இல்லாத ஒரு நிதானமும் நிமிர்வும் மூன்றாவதில் இருக்கிறது. இன்று உலகம் முழுவதும் வெட்டி ஒட்டப்படுவது அந்தக் குரல்தான்.

பாட்டு எதைப் பற்றியது?

ஒரு பெண் டிஜேயைப் பார்த்து ஊர் முணுமுணுக்கிறது. என் ஆசையைப் பற்றி இவர்களுக்கு என்ன பேச்சு என்று கேட்கிறார். இந்தத் திறமை எங்கே கிடைத்தது என்று விசாரிப்பவர்களிடம், படைப்பிலேயே வந்தது என்கிறார். நான் ஆணில்லை, பெண். மைக் பிடிப்பதுதான் என் ஆசை என்கிறார். சண்டைக்கு இழுக்கும் தொனி எங்கும் இல்லை. அவ்வளவு அமைதியாகச் சொன்னதால்தான் அழுத்தமாக விழுகிறது.

அன்று ஜமைக்காவில் பெரிய ஹிட்டா?

இல்லை. ஜமைக்காவில் அதை யாரும் பெரிதாகப் போடவில்லை என்று நான்சியே சொல்கிறார். உள்ளூரில் அவரை அறிந்தவர்கள் ‘ஒன் டூ’ நான்சி என்றுதான் அறிந்தார்கள்.

அப்படியானால் உலகம் முழுவதும் எப்படிப் பரவியது?

மெதுவாக, அவருக்குத் தெரியாமல். தட்டுகள் கிங்ஸ்டனிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போயின. அங்கே குடியேறிய ஜமைக்கர்களின் கடைகளிலும் விருந்துகளிலும் சுழன்றன. ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களின் கைக்கு வந்தபின் துண்டு துண்டாக வெட்டுப்பட்டன. 1998-இல் ஹைப் வில்லியம்ஸ் இயக்கிய ‘பெல்லி’ படத்தில் பாட்டு ஒலித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1996-இல், நான்சி அமெரிக்காவில் குடியேறியிருந்தார். தன் பாட்டு இந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று அவர் உணர்ந்ததே அங்கே போன பிறகுதான்.

2016-இல் அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் தன் ‘ஃபேமஸ்’ பாட்டின் பின்பகுதியில் நான்சியின் குரலை வைத்தார். 2017-இல் இன்னொரு ராப் பாடகர் ஜே-சி, ஜமைக்காவின் ரெக்கே பாடகர் டேமியன் மார்லியோடு சேர்ந்து ‘பாம்’ என்றே ஒரு பாட்டைப் போட்டார். அதன் வீடியோவை ஜமைக்காவில் எடுத்தார்கள், நான்சியையும் வரவழைத்து முன்னால் நிறுத்தினார்கள். குரலை எடுத்துக்கொள்கிறவர்களில் ஆளையும் கூப்பிட்டவர்கள் அரிது என்பதால் அந்த வீடியோ எனக்குப் பிடிக்கும்.

முப்பது ஆண்டுக்கு மேல் அவருக்குப் பணம் வரவில்லை என்பது உண்மையா?

‘பாம் பாம்’ பாட்டுக்காக ரைலியிடமிருந்து எதுவும் வாங்கியதில்லை என்று நான்சி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 1982-லிருந்து 2014 வரை, 32 ஆண்டு. இதைக் கேட்டதும் ஒரு கெட்ட தயாரிப்பாளர், ஓர் ஏமாந்த பாடகி என்று கதையை முடித்துவிடத் தோன்றும். அப்படி முடித்தால், அதே காலத்தில் அதே நிலையில் இருந்த நூற்றுக்கணக்கான ஜமைக்கக் கலைஞர்களைப் புரிந்துகொள்ள முடியாமல் போகும்.

அன்றைய கிங்ஸ்டனில் ஒரு தட்டு எப்படி உருவானது என்று பாருங்கள். தயாரிப்பாளர் ஸ்டுடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பார். ரிதிம் நாடா அவரிடம் ஏற்கெனவே இருக்கும். டிஜே உள்ளே போய் ஓரிரு முறை சொல்லிவிட்டு வருவார். கையில் ஒரு தொகை கிடைக்கலாம், அல்லது தட்டு வந்ததும் தருகிறேன் என்ற வாய்ச்சொல் கிடைக்கலாம். எழுத்து ஒப்பந்தம் அபூர்வம். அச்சிடுவது, கடைகளுக்குக் கொடுப்பது, இங்கிலாந்து லேபிள்களுக்கு விற்பது எல்லாம் தயாரிப்பாளரின் கையில். எத்தனை பிரதி விற்றது என்ற கணக்கும் அவரிடம்தான்.

இளம் டிஜேக்கள் இதற்கு ஏன் ஒத்துக்கொண்டார்கள்? தட்டு அவர்களுக்கு விளம்பரம். ரேடியோவில் ஒரு தட்டு ஓடினால் அடுத்த மாதம் சவுண்ட் சிஸ்டங்கள் கூடுதல் கூலி கொடுத்துக் கூப்பிடும். சம்பாத்தியம் அந்த இரவுகளில் இருந்தது. முப்பது ஆண்டு கழித்து இந்த மூன்று நிமிடத்தை ஒரு ஷூ கம்பெனி விலை கொடுத்து வாங்கும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

சட்டமும் தயாரிப்பாளர் பக்கம்தான் இருந்தது. ஜமைக்கா சுதந்திரம் அடைந்து பல ஆண்டு ஆகியும், பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தின் 1911-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே அங்கே நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டத்தின்படி, ஒலிப்பதிவின் ‘ஆசிரியர்’ யார் தெரியுமா? பிரதிகள் எடுக்க அடிப்படையான மூலத் தகடு யாருக்குச் சொந்தமோ அவர். பாடியவர் ஆசிரியர் இல்லை, வாசித்தவரும் இல்லை. சொற்களை எழுதியவருக்குத் தனி உரிமை உண்டுதான். ஆனால் அதைக் கேட்டு வாங்குவதற்குத் தாள் வேண்டும், வக்கீல் வேண்டும், பணம் வேண்டும். இருபது வயதுப் பெண்ணிடம் இதில் எது இருந்திருக்கும்? ஜமைக்கா தனக்கென்று புதிய பதிப்புரிமைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1993-இல்தான். அதற்குள் ‘பாம் பாம்’ வெளிவந்து பதினோரு ஆண்டு ஓடிவிட்டது.

இதையெல்லாம் சொல்வதால் நடந்தது சரி என்று ஆகிவிடாது. எல்லோரும் செய்தார்கள் என்பது வழக்கத்தை விளக்கும், கடனை அடைக்காது. அதோடு ரைலி சாதாரண ஆள் இல்லை. 1971-இல் டேவ் அண்ட் ஆன்சல் காலின்ஸின் ‘டபுள் பேரல்’ பாட்டு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அதைத் தயாரித்தவர் அவர்தான். தானே டெக்னிக்ஸ் என்ற பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். வெளிநாட்டு விற்பனை என்றால் என்ன, ராயல்டி (விற்பனையில் கலைஞருக்குச் சேரும் பங்கு) என்றால் என்ன என்று கிங்ஸ்டனில் நன்றாகத் தெரிந்த சிலரில் ஒருவர்.

பிறகு எப்படிக் கிடைத்தது?

2014-இல் ரீபோக் என்ற ஷூ நிறுவனத்தின் விளம்பரத்தில் பாட்டு வந்தது. நான்சி அதை டிவியில் பார்த்தார். அதுவரை பொறுத்தவர் வக்கீலைப் பிடித்தார். அப்போது ரைலி உயிரோடு இல்லை. 2011 நவம்பரில் சுடப்பட்டு, 2012 ஜனவரியில் இறந்துவிட்டார். முடிவில் ‘ஒன், டூ’ ஆல்பத்தின் உரிமையில் பாதி நான்சிக்கு வந்தது. 2014-க்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்கான பாக்கியும் கிடைத்தது. அதற்கு முந்தைய இருபத்திரண்டு ஆண்டு போனது போனதுதான்.

நடுவில் பிழைப்புக்கு என்ன செய்தார்?

நியூ ஜெர்சியில் ஒரு வங்கியில் கணக்காளராக வேலை பார்த்தார். மேடை நிகழ்ச்சிகளையும் விடவில்லை. தன் சொந்தக் கணக்கு தீராமல் கிடக்க, ஊரார் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

ஜமைக்காவின் முதல் பெண் டிஜே அவர்தானா?

அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சரியில்லை. 1978 பிப்ரவரியிலேயே ஆல்த்தியா அண்ட் டோனா என்ற இரு இளம்பெண்கள் ‘அப்டவுன் டாப் ராங்கிங்’ பாட்டோடு இங்கிலாந்தில் முதலிடம் பிடித்துவிட்டார்கள். நான்சியின் காலத்திலேயே லேடி ஆன் போன்றவர்களும் இருந்தார்கள். நான்சிக்கு உரிய பெருமை வேறு: சவுண்ட் சிஸ்டம் இரவுகளில் ஆண் டிஜேக்களோடு சரிக்குச் சரி நின்று தேறியது, ரெக்கே சன்ஸ்ப்ளாஷ் என்ற பெரிய விழாவில் மேடையேறிய முதல் பெண் டிஜே என்ற பெயர். தொண்ணூறுகளில் லேடி சா என்ற பெண் டிஜே வந்து கொடிகட்டிப் பறந்தபோது, அந்த மேடையில் பெண் குரல் ஏற்கெனவே பழகிப்போயிருந்தது.

1982-க்குப் பிறகு ஏன் அதிகம் பதியவில்லை?

ஒரு காரணத்தை மட்டும் சுட்டிக்காட்ட முடியாது. நான் நினைப்பது இது: தட்டு போட்டுப் பணம் வராது என்று கண்டவருக்கு மறுபடி ஸ்டுடியோ வாசலில் போய் நிற்க என்ன அவசியம்? மேடையில் அன்றைக்கே கூலி கிடைக்கும். இன்னொன்று, 1985-க்குப் பிறகு ஒலியே மாறிவிட்டது. கணினித் தாளத்தோடு வேகமும் ஆபாசமும் கூடிய காலத்தில் நான்சியின் நிதானத்தைத் தேடி வந்த தயாரிப்பாளர்கள் குறைந்திருப்பார்கள். அவரும் அதற்காக வரிகளை மாற்றிக்கொள்கிற ஆள் இல்லை.

இப்போது யாராவது அவர் குரலை வெட்டி எடுத்துப் பயன்படுத்தினால் பணம் யாருக்குப் போகும்?

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று, பதிவான ஒலி, அதாவது மாஸ்டர். இன்னொன்று, சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பு. பழைய தட்டிலிருந்து குரலை அப்படியே எடுத்தால் இரண்டுக்கும் அனுமதி வாங்க வேண்டும். வேறு ஒருவரை வைத்து அதே வரியைத் திரும்பப் பாடவைத்தால் இரண்டாவதற்கு மட்டும் போதும். ஆல்பத்தின் உரிமையில் பாதி கைக்கு வந்தபின், முறையாக அனுமதி வாங்கி எடுக்கப்படும் ஒவ்வொரு துண்டிலும் நான்சிக்குப் பங்கு உண்டு. சிக்கலைப் பாருங்கள்: கான்யே வெஸ்ட், ஜே-சி இருவரும் 2014-க்குப் பிறகு எடுத்தவர்கள். வழக்கு இன்னும் மூன்று ஆண்டு தள்ளிப் போயிருந்தால் அந்தப் பணமும் உடனே அவர் கைக்கு வந்திருக்காது.

ஆவணப்படம் ஏதாவது உண்டா?

உண்டு. ‘பாம் பாம்: தி சிஸ்டர் நான்சி ஸ்டோரி’, 2024. இயக்கியவர் ஆலிசன் டியூக்.

புதிதாகக் கேட்கிறவர் எங்கே தொடங்கலாம்?

‘பாம் பாம்’ பாட்டை நேராகப் போடாதீர்கள். முதலில் ஆன்சல் காலின்ஸின் ‘ஸ்டலாக் 17’. குரல் எதுவும் இல்லாமல் பேஸ் மட்டும் காதில் பதியட்டும். அப்புறம் ஜெனரல் எக்கோவின் ‘அர்லீன்’, அதன்பின் டெனர் சாவின் ‘ரிங் தி அலாரம்’. இந்த மூன்றும் முடிவதற்குள் அடுத்து எந்த இடத்தில் டிரம்ஸ் விழும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு ‘ஒன், டூ’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து போடுங்கள். நடுவில் ஸ்டலாக் பேஸ் கேட்க ஆரம்பித்ததும் அடையாளம் கண்டுகொள்வீர்கள். நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். போன் ஸ்பீக்கரில் அந்த பேஸ் வரவே வராது.